அருளிச்செயலில் புன்னை: சுரபுன்னை, நாகம் முதலியவற்றினின்று பிரித்தறிதல்

பெரிய திருமொழி ஒன்பதாம் பத்தில் திருப்புல்லாணியைப் பாடும் மூன்றாம் திருமொழியின் முதற் பாசுரத்தில் இரண்டு மரங்கள் இடம்பெறுகின்றன. பிரிவாற்றாமையால் நைகின்ற பரகால நாயகி, தன் எழிலைக் கொண்டு அகன்ற பெருமானோடு கூடியிருந்த இடத்தை நினைக்கிறாள். அங்கே நிழல் தந்தது செருந்தி. அதன் பூவின் நிறத்துக்கு முன் பொன்னும் தோற்றுப்போகும். அவன் எழுந்தருளியிருக்கும் ஊரைச் சூழ்ந்த பொழிலோ புன்னைப் பொழில். அதற்கு ஆழ்வார் தருவது முத்து. ஒரே பாட்டுக்குள் ஒன்றுக்குப் பொன்னும் மற்றொன்றுக்கு முத்தும் பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பது எதுகைக்காக நேர்ந்ததன்று. இரு மரங்களையும் கண்ணால் கண்டவர் செய்த பகிர்வு அது.

இப்பாசுரத்துக்குப் பொருள் சொல்லுமிடத்தில் புன்னையைச் சுரபுன்னை என்றோ நாகமரம் என்றோ விரித்துவிட்டால் முத்து என்னும் சொல் பற்றுக்கோடின்றி நிற்கும். இம்மூன்று மரங்களும் ஒன்றன் பெயரை மற்றொன்று வாங்கிக்கொண்டு நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. அகராதிகளில் நாகம் என்னும் சொல் சுரபுன்னைக்கும் ஏறிவரும். வடமொழிப் புன்னாக சப்தமோ மூன்றுக்கும் சென்று தங்கும். தாவர நூலார் கணக்கிலும் இவை நெருங்கிய உறவினவே. முன்பு கிளூசியேசி எனப்பட்ட பெருங்குடும்பத்தில் அடங்கியிருந்த இம்மூன்றும், 2009ஆம் ஆண்டின் வகைப்பாட்டுக்குப் பின் கலோஃபில்லேசி என்னும் தனிக் குடும்பத்தில் சேர்ந்தே வைக்கப்பட்டுள்ளன. உறவு உண்மை. ஆயினும் உறவினர் என்பதனால் ஒருவர் மற்றொருவர் ஆகிவிடமாட்டார்.

புன்னையை அறிய முதலில் இலையைப் பார்க்க வேண்டும். லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட கலோஃபில்லம் என்னும் இனப்பெயருக்கே 'அழகிய இலை' என்பது பொருள். இலைகள் எதிரெதிராக அமைந்தவை, தடித்தவை, பளபளப்பானவை, நுனி வட்டமாகவோ நடுவே சற்றுக் குழிந்தோ இருக்கும். ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தால், நடுநரம்பின் இருபுறத்தும் பக்க நரம்புகள் சீப்பின் பற்கள்போல நெருங்கி, ஒன்றற்கொன்று இணையாக விளிம்புவரை ஓடக் காணலாம். அவற்றை எண்ணி முடிப்பது கடினம், அத்தனை நெருக்கம். இந்த நரம்பமைப்பு சுரபுன்னைக்கு இல்லை. சுரபுன்னையின் இலையும் தடித்ததே, பெரும்பாலும் புன்னையிலையினும் நீண்டதே. ஆனால் அதில் நரம்புகள் வலைபோலப் பின்னிக்கிடக்கும். பூ இல்லாத காலத்தும், கன்றாக நிற்கும் பருவத்தும் இந்த ஒன்றைக்கொண்டே இரண்டையும் பிரித்துவிடலாம்.

இனிப் பூ. புன்னைப்பூ இலைக்கக்கத்திலிருந்து எழும் தளர்ந்த கொத்தில் மலர்வது. மலர்வதற்கு முன் ஒவ்வோர் அரும்பும் காம்பின் நுனியில் தனித்து நிற்கும். உருண்டையாக, வெண்மையாக, மாசற்ற ஒளியோடு இருக்கும். கரும்பச்சை இலைத்தழைப்பின்மேல் அவ்வரும்புகள் சிதறித் தோன்றுவதை ஒருமுறை கண்டவர்க்கு ஆழ்வாருடைய முத்துக்கு வேறு விளக்கம் வேண்டியிராது. திருப்புல்லாணி சேதுக்கரைக்கு அருகே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய நாட்டில் உள்ளது. பாண்டியரின் முத்துக் குளிக்கும் கடல் அது. அந்த நாட்டில் முத்து என்ற சொல்லைக் கேட்டவர்க்கு அதன் அளவும் உருட்சியும் நீர்மையும் உடனே நெஞ்சில் தோன்றியிருக்கும். அரும்பு விரிந்தபின் காட்சி மாறிவிடும். வெள்ளிதழ்கள் பெரும்பாலும் நான்கு. அவற்றின் நடுவே பொன்னிற மகரந்தத் தாள்கள் அடர்ந்து நிற்கும். அவற்றுக்கிடையே இளஞ்சிவப்பான சூலகம் தெரியும். விரிந்த பூவில் பொன் உண்டு. ஆழ்வார் பொன்னைச் செருந்திக்குக் கொடுத்துவிட்டுப் புன்னைக்கு முத்தைக் கொடுத்ததனால், அவர் புன்னையை அரும்புநிலையில் வைத்துப் பாடினார் என்று கொள்வதே பொருந்தும்.

முத்து என்றது காயையே குறிக்கும் என்று கொள்வார்க்கும் விடை கூற வேண்டும். புன்னைக்காயும் உருண்டையே. எனினும் அது பச்சை நிறத்தது, முதிர்ந்தால் மஞ்சளாவது. பெருமுத்தினும் பன்மடங்கு பெரியது. உள்ளே கடினமான ஓடும் எண்ணெய்ப் பருப்பும் கொண்டது. அப்பருப்பிலிருந்து வடிக்கும் எண்ணெய் விளக்கெரிக்கவும் படகுக்குப் பூசவும் பயன்பட்டுவந்தது. அதனை முத்தெனல் உருவத்தால் ஒரு பாதி பொருந்தி, நிறத்தாலும் அளவாலும் பொருந்தாதொழியும்.

சுரபுன்னையை இங்கே நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். அது மேற்குமலைக் காடுகளுக்குரிய மரம். அதன் பூக்கள் இலைக்கக்கத்தில் தளர்ந்த கொத்தாக எழாமல், இலை உதிர்ந்த பழங்கிளைகளின் கணுக்களில் நெருங்கிக் குவிந்து பூக்கும். புன்னைக்குப் புறவிதழ் நான்கு. சுரபுன்னையின் அரும்பை மூடியிருக்கும் புறவிதழோ இரண்டே கூறாகப் பிளந்து பின்னோக்கி மடியும். இதழ் வெண்மையாயினும் அதில் செவ்வரி பாய்ந்திருக்கும். உலர்ந்த அரும்பு செந்நிறமாகிவிடும். அந்த உலர்ந்த அரும்பே நாககேசரம் என்ற பெயரோடு மருந்துச் சரக்காகவும் விற்கப்படுகிறது. மணத்தில் இது புன்னைக்குத் தாழ்ந்ததன்று. கிளையோடு ஒட்டிக் குவிந்த இவ்வரும்பில் தனித்தனியே ஒளிரும் முத்தைக் காண்பதுதான் அரிது.

நாகம் அல்லது நாங்கு எனப்படுவது மூன்றாவது. இலை குறுகி ஈட்டி வடிவாக நீண்டிருக்கும். அடிப்புறத்தில் வெண்பொடி பூத்திருக்கும். தளிர் செந்நிறமாகத் தொங்கும். பூ இம்மூன்றிலும் பெரியது. கொத்தாக அன்றித் தனித்தோ இரண்டிரண்டாகவோ மலரும். அகன்ற நான்கு வெள்ளிதழ்களின் நடுவே பொற்கேசரம் திரண்டிருக்கும். வைரம் பாய்ந்த இதன் கட்டை இரும்புக்கு ஒப்பிடப்படுவது. மெசுவா ஃபெரியா என்னும் நூற்பெயரின் பிற்பாதி அந்த இரும்பைக் குறிப்பதே. சிறுநாகப்பூ என்று நாட்டு மருந்துக் கடைகளில் கேட்பது இதன் பூவையே. இதுவும் மழைவளம் மிக்க மலைக்காட்டு மரம். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் மலையாளநாட்டுத் தாவரநூல், புன்னையைப் பொன்ன என்ற பெயரிலும் நாகத்தை வெளுத்த சம்பகம் என்ற பெயரிலும் பதிந்துள்ளது. நாகம் அங்கே சம்பகத்தோடு உறவு கொண்டாடுகிறது. மரப்பெயர்கள் இடந்தோறும் இப்படி நகர்ந்துகொண்டே இருப்பவை.

பழந்தமிழ் வழக்கு இவற்றைக் கலக்கவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொடுத்த பூவரிசையில் வழை, புன்னாகம், புன்னை, நாகம் என்னும் நான்கும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. இவற்றுள் வழைக்குச் சுரபுன்னை என்றே நச்சினார்க்கினியர் உரை கூறுகிறார். ஆகவே கபிலர் செவிக்குப் புன்னாகமும் புன்னையும் இருவேறு பூக்கள். வடமொழி மரபிலோ நிலை வேறு. அமரகோசம் புன்னாகத்துக்குப் புருஷ, துங்க, கேஸர, தேவவல்லப என்னும் பெயர்களைத் தருகிறது. கேஸரம் என்ற அதே பெயரை நாககேஸரத்துக்கும் கூறுகிறது. பின்னும் வகுளத்துக்கும் கூறுகிறது. மகிழ்மாலை மார்பரான நம்மாழ்வாரின் மகிழும், நாகமும், புன்னாகமும் கேஸரம் என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வடமொழி ஸ்தோத்ரங்களில் கேஸர சப்தம் வருமிடங்களில் தமிழ்ப்பொருள் எழுதுவோர் இதனை நினைவில் வைக்க வேண்டும். தேவவல்லபம் என்பது தேவர்க்கு உகந்தது என்று பொருள்படுவது. சுரபுன்னை என்பதும் சுரருடைய புன்னை என்று விரியக்கூடியது. இரு மரங்களும் கலந்ததற்கு இப்பெயரொற்றுமையும் ஒரு வாயில் என எண்ண இடமுண்டு.

இக்கலப்பு நம் ஸம்ப்ரதாயத்தில் நேரே வந்து தொடுமிடம் திருவரங்கம். கூரத்தாழ்வானின் திருக்குமாரரான பராசர பட்டர் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தின் பூர்வ சதகத்தில் அங்குள்ள புன்னாக மரத்தைப் போற்றுகிறார். ஸஹஸ்ரகீதியாகிய திருவாய்மொழி இடையறாது பாய்ந்ததனால் அம்மரத்துக்குத் திவ்யமான மணம் உண்டாயிற்று என்பது அவர் கருத்து. மரத்துக்கு நீர் பாய்ச்சுவது உலகியல். அங்கே பாய்ந்தது திருவாய்மொழி. சந்த்ரபுஷ்கரிணிக் கரையில் தலமரமாகப் போற்றப்படுவது புன்னையே. பூர்வாசார்யர்கள் அதன் நிழலில் அமர்ந்து ரஹஸ்யார்த்தங்களைப் பேசினார்கள் என்பது செவிவழி வந்த மரபு. எனவே பட்டருடைய புன்னாகத்துக்குத் தமிழ் எழுதுங்கால் புன்னை என்றே எழுத வேண்டும். கபிலர் வரிசையில் புன்னாகம் வேறாக நிற்கிறதே எனின், அது தமிழ்ச் செய்யுளில் வடசொல் பெற்ற ஒரு தனி வாழ்வு. பட்டர் இயற்றியதோ வடமொழிச் செய்யுள். கண்முன் நின்ற மரத்துக்கு அம்மொழியில் கிடைத்த பெயரை இட்டார். சொல்லைக்கொண்டு மரத்தைத் தேடாமல், மரத்தைக்கொண்டு சொல்லுக்குப் பொருள் காண்பதே இவ்விடத்தில் முறை. நாககேஸரம் என்றோ சுரபுன்னை என்றோ மொழிபெயர்த்தால் காவிரித் தீவில் நிற்கும் மரம் மலைக்காட்டுக்குப் போய்விடும்.

மலையா கடலா என்ற இவ்வேறுபாடு வெறும் நிலநூற் செய்தியன்று. பாசுரத்தின் உணர்வையும் தொடுவது. அகப்பொருள் இலக்கணம் நெய்தலின் மரங்களாகக் கண்டல், புன்னை, ஞாழல் என்பவற்றைக் கூறும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். வழையோ மலைச்சாரலின் மரமாகவே பழம்பாடல்களில் வருவது. மலைக்குரிய குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். புன்னையைச் சுரபுன்னையாக்கினால் இரங்கலுக்குரிய மரம் புணர்தலின் நிலத்துக்குப் பெயர்ந்துவிடும். தலைவியின் பாசுரத்துக்கு இதனினும் பெரிய இடர்ப்பாடு வேண்டியதில்லை.

தலைவி பேசும் பாசுரங்களில் புன்னை எத்துணை மரங்களோடு கூடி வருகிறது என்று நோக்கினால் இது வலுப்பெறும். திருவாய்மொழி ஆறாம் பத்தின் முதல் திருவாய்மொழி, பராங்குச நாயகி திருவண்வண்டூருக்குப் பறவைகளைத் தூது விடுவது. அதன் எட்டாம் பாசுரத்தில் பூவையிடம் அவ்வூரைச் சூழ்ந்த மரங்களாகச் செருந்தி, ஞாழல், மகிழ், புன்னை என்னும் நான்கைச் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் குயிலை அழைக்கும் ஐந்தாம் திருமொழியின் முதற் பாசுரத்தில் புன்னை, குருக்கத்தி, ஞாழல், செருந்தி என்பவை வருகின்றன. ஞாழல் என்பது இங்கே நாழல் என்றும் ஓதப்படும். புன்னையும் ஞாழலும் செருந்தியும் இரண்டிடத்தும் பொது. மிகுந்து நிற்பது ஒருபுறம் மகிழ், மறுபுறம் குருக்கத்தி. மகிழ் நம்மாழ்வாருக்கே அடையாளமான பூ என்பதை ஓதுவார் எவரும் கவனியாமல் கடக்கமாட்டார். குருக்கத்தி மரமன்று, கொடி. மரங்களின்மேல் படர்ந்து பொழிலைச் செறிவிப்பது. திருவண்வண்டூர் செங்கன்னூருக்கு அருகே பம்பையாற்றை அடுத்த தாழ்நிலத்தில் உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குமலையடிவாரத்தில், கடலுக்கு வெகுதொலைவில் உள்ளது. இரண்டும் கடற்கரை ஊர்களல்ல. இருந்தும் நெய்தலின் மரங்களே இருவர் வாக்கிலும் வந்து நிற்கின்றன. நட்டு வளர்த்தால் புன்னை உள்நாட்டிலும் செழிக்கும் என்பது உண்மையே. ஆனாலும் இரங்குகின்றவளுக்குச் சுற்றிலும் நெய்தலாகவே தோன்றுகிறது என்று கொள்வது சுவைக்கு நெருங்கியது.

குயிலும் இங்கே ஒரு சான்று. ஆண்டாளின் குயில் புன்னை முதலிய செறிந்த பொதும்பில் வாழ்கிறது. மேற்கூறிய திருவண்வண்டூர்த் திருவாய்மொழியிலும் ஆறாம் பாசுரத்தில் குயில்கள் புன்னையின்மேல் இருப்பவையாகவே விளிக்கப்படுகின்றன. புன்னை இலையுதிராது எப்போதும் அடர்ந்திருப்பது. குயில் அதனுள் புகுந்தால் குரல் கேட்கும், உருவம் புலப்படாது. செருந்தியோ பூக்கும் காலத்தில் இலை உதிர்ந்து நிற்பதோ புதுத்தளிரோடு நிற்பதோ உண்டு. குயில் ஒளிய அது போதாது. தூது விடும் புள்ளினங்கள் ஆசார்யர்களைக் குறிக்கும் என்பது அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயம் காட்டும் ஸ்வாபதேசம். அதனைப் பின்பற்றி மரங்களுக்கும் புதிதாக ஒரு ஸ்வாபதேசம் கட்டப் புகுவது வேண்டாத துணிவு. புள் இருக்கும் இடம் இன்னதென்று அறிந்து பாடினர் என்ற அளவே இங்குப் போதும்.

செருந்தியை அறிவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய நூல்களில் செருந்தி என்பது நீர்நிலைகளில் வளரும் கோரை வகையையும் குறிக்கும். நிழல் தருவதாகவும் பொழிலில் நிற்பதாகவும் சொல்லப்படுமிடங்களில் அது கோரையாக முடியாது. மரச்செருந்தி ஓக்னா இனத்தைச் சேர்ந்த சிறுமரம். இலை மாறிமாறி அமைந்து, விளிம்பில் நுண்பற்கள் கொண்டது. பூ முழுதும் தூய மஞ்சள். பொன்னைத் தோற்பிக்கும் நிறம் அதற்கே தகும். பூ உதிர்ந்தபின் புறவிதழ்கள் சிவந்து நிலைத்து நிற்க, நடுவே கருநிறக் கனிகள் அமரும். அப்பருவத்தில் பார்ப்பவர் அதனை வேறொரு மரமென்றே எண்ணக்கூடும்.

ஞாழலுக்கு உரைகாரர் புலிநகக்கொன்றை என்பர். தமிழ்ப் பேரகராதி புலிநகக்கொன்றையை மேற்குமலைக் காடுகளில் முள்ளோடு ஏறிப் படரும் ஒரு கொடியாகக் கொள்கிறது. அவ்வடையாளம் ஞாழலுக்குச் சிறிதும் பொருந்தவில்லை. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் ஞாழலுக்கென்றே ஒரு பத்துப் பாடியுள்ளார். அங்கே அது கடற்கரை மணல்மேட்டில் நிற்கும் மரம். குறுந்தொகை 50ஆம் பாட்டு அதன் பூவை வெண்சிறுகடுகுக்கு ஒப்பிடுகிறது. அத்தகைய நுண்ணிய பூவைக் கொடியின் பெருங்கதிரில் தேடுவது வீண். பதவுரையில் ஞாழல் என்பதற்கு 'ஞாழல் மரம்' என்று எழுதி நிறுத்துவது, தவறான பெயரொன்றை எழுதுவதினும் நேர்மையானது.

மகிழுக்கு இத்தகைய ஐயமில்லை. அதன் இலை மாறிமாறி அமைந்து விளிம்பு அலைபோல் நெளிந்திருக்கும். நட்சத்திரம் போன்ற சிறுபூ நடுவே துளையோடு முழுதாக உதிரும். ஊசியின்றியே நாரில் கோக்கலாம். உலர்ந்தபின்னும் மணம் போகாது. மாலைக்கென்றே அமைந்த பூ.

நந்தவனக் கைங்கர்யத்தில் ஈடுபட்டோர்க்கு மேற்கண்ட குழப்பங்களினும் எளிய வேறொரு குழப்பம் நேர்வதுண்டு. புன்னைக் கன்று வேண்டுமென்று கேட்டுப் புங்கங்கன்றைக் கொண்டுவந்து நட்டுவிடுவது அது. புன்கு, புங்கு, புங்கன் என வழங்கும் அம்மரமும் கடலோரத்தில் வளர்வது. அதன் விதையும் விளக்கெண்ணெய் தருவது. பெயரும் செவிக்கு நெருங்கியது. ஆனால் அது அவரைக் குடும்பத்தது. ஒரு காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையும் தட்டையான காயும் உடையது. தலமரம் பட்டுப்போன ஸந்நிதிகளில் மாற்றுக் கன்று நடும்போது இந்தப் பிழை நேர்ந்தால், மரம் வளர்ந்து பூக்கும்வரை அது தெரியாமலே போகலாம். அதற்குள் புதிய மரத்துக்கே தீபமும் ப்ரதக்ஷிணமும் நிலைபெற்றுவிடும். பின் அதனை அகற்றத் துணிவார் இலர்.

இதனைத் தவிர்க்கச் சிறந்த வழி, உறுதியாக அறிந்த புன்னை மரத்தடியில் உதிர்ந்த முதிர்காயைப் பொறுக்கி விதைப்பதுதான். ஓட்டோடு இட்டால் முளைக்க நெடுநாளாகும். உள்ளே இருக்கும் பருப்புக்குச் சேதமின்றி ஓட்டை உடைத்து நீக்கி இட்டால் விரைந்து முளைக்கும். முதல் இலைகள் எதிரெதிராகத் தோன்றியவுடன் ஒன்றைப் பறித்து வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். நெருங்கிய இணைநரம்பும், கிள்ளிய காம்பில் கசியும் பாலும் காணப்பட்டால் அது புன்னை.